பெசன்ட் நகர் போகும் விரல்

ராயப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் ஒரு வீட்டிலும் தெர்மாமீட்டர் கிடையாது. கீழ் வீட்டு பாயின் வலது கை ஆள்காட்டி விரல் இருக்கும்போது அதெல்லாம் எதற்கு? குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா, இஸ்திரிப் பெட்டியைப் பட்டுப் புடவைமேல் வைக்கலாமா, மாடி வீட்டு பைக்கின் இன்ஜின் ஏன் இப்படிக் கொதிக்கிறது, எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுவோம். அவரும் சலிக்காமல் வருவார். விரலை வைத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நிற்பார். தீர்ப்பைச் சொல்லிவிட்டு லுங்கியைத் தட்டிவிட்டுப் போவார். அந்த விரலை நம்பித்தான் நான் என் ஆறு மாதப் பிள்ளையை ஒரு மோட்டார் தொட்டிலில் போட்டேன்.

பேட்டரியில் ஓடும் மோட்டாரை வேண்டிய வேகத்தில் ஓடவைக்கும் சின்னப் பெட்டிகளைச் செய்வது அவர் தொழில். பெசன்ட் நகர் கடற்கரையில் சாயங்காலம் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றும் பேட்டரி கார்களுக்கு அவர் பெட்டிதான். மயிலாப்பூரில் நடக்க முடியாத ஒரு பெரியவரின் சக்கர நாற்காலிக்கும், தி.நகரில் ஒரு துணிக்கடை வாசலில் நாள் முழுக்கக் கும்பிட்டுக்கொண்டே நிற்கும் பொம்மைக்கும் அவர் செய்ததுதான். வீட்டின் முன்னறைதான் பட்டறை. உள்ளே போனால் அத்தர் வாசனையும் ஈயம் உருகும் புகையும் சேர்ந்து அடிக்கும். எனக்கு அது பிடிக்கும். அவரையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும், இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பெட்டிக்குள் எல்லாம் ஒரு டிரான்சிஸ்டரை நம்பி இருக்கிறது. மோட்டாருக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் கதவு அது. வேலை செய்யச் செய்ய அது சூடாகும். அந்தச் சூட்டை வாங்கிக் காற்றில் விடுவதற்காக அதன் முதுகில் ஓர் அலுமினியத் தகட்டைத் திருகி வைப்பார்கள். எவ்வளவு பெரிய தகடு வேண்டும் என்பதற்கு மற்றவர்கள் கணக்குப் போடுவார்கள். பாய் விரலை வைப்பார்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். பெட்டியை மோட்டாரோடு இணைத்துக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். பிறகு டிரான்சிஸ்டர்மேல் விரலை அழுத்திக்கொண்டு, கண்டக்டர்போல ஆனால் மெல்லிய குரலில், ராயப்பேட்டையிலிருந்து கடற்கரை வரைக்கும் பஸ் நிறுத்தங்களைச் சொல்வார். மணிக்கூண்டு. லஸ். மந்தவெளி. அடையாறு. பெசன்ட் நகர். சூடு தாங்காமல் விரலை எந்த இடத்தில் எடுக்கிறாரோ அங்கே பாசஞ்சர் இறங்கிவிட்டான் என்று அர்த்தம். லஸ்ஸில் இறங்கிவிட்டால் தகடு போதாது, பெரிதாகப் போட வேண்டும். பெசன்ட் நகர் வரைக்கும் உட்கார்ந்துவிட்டால் பெட்டி தேறிவிட்டது.

"இதுக்குன்னு மீட்டர் விக்கிதே பாய், அத்த வெச்சுப் பாக்கக்கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மீட்டருக்கு வலிக்குமா?" என்றார். "வலிக்காதது எப்பிடிமா உண்மைய சொல்லும்?"

அப்போது அது பெரிய வார்த்தையாகப்பட்டது, வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லிச் சிரித்தேன்.

கதை சொல்வதில் கெட்டிக்காரர். கடற்கரைக் கார் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. வேறு யாரோ செய்த பெட்டி, தகடு இல்லாமல் போட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஜனம் நெரியும் நேரம், ஆளே ஏறாத பொம்மைக் கார் தானாகக் கிளம்பிவிட்டதாம். காருக்குச் சொந்தக்காரன் பின்னாலேயே ஓட, அது நேராகச் சோளம் சுடுகிறவளின் நெருப்புத் தட்டில் போய் முட்டி, அங்கேயும் நிற்காமல் சக்கரத்தால் மணலை வாரி இறைத்ததாம்.

"இது செத்தா மோட்டார் நின்னுடும்னு நெனச்சிக்கினு கீறே நீ," என்று என்னைப் பார்த்து விரலை ஆட்டுவார். "பல்பு செத்தா அணைஞ்சிடும். ஃபேன் செத்தா நின்னுடும். இது அப்பிடி இல்லமா. சூட்டுல செத்துச்சுன்னா கதவ தொறந்துக்கினே செத்துடும். அப்பறம் ஃபுல் ஸ்பீடுதான். நீ குமிழ திருப்பு, திருப்பாத போ, அது யாரு பேச்சும் கேக்காது."

சொல்லிவிட்டு உடம்பெல்லாம் குலுங்கச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அறையின் மூலையில் பாயம்மா உட்கார்ந்திருப்பார், அவர் மனைவி. அவர் மட்டும் சிரித்ததில்லை. எப்போதும் கையில் ஒரு திருப்புளி இருக்கும். பாய் சோதனையை முடித்துவிட்டு அசர் தொழுகைக்குக் கிளம்பியதும், பெட்டிகளுக்கு மூடி போட்டுத் திருகுவது அவர் வேலை. அதிகம் பேசமாட்டார். பாய் வாசலைத் தாண்டும் வரைக்கும் ஒரு திருகைக்கூடத் தொடமாட்டார். பாய் இருக்கும்போதே போட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்று எனக்குத் தோன்றியதுண்டு.

பாய் கொதிக்கிற டீப் பாத்திரத்தைப் பிடிதுணி இல்லாமல் வெறுங்கையால் இறக்குவார். எங்கள் தளத்துப் பெண்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம். பட்டறைக் கை, காய்த்துப் போயிருக்கிறது என்று பேசிக்கொள்வோம். அவர் டீயில் சர்க்கரை போடுகிற அழகைப் பார்த்துப் பாயம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் மாடிப்படி ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தவரின் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. "இன்னொண்ணு எங்க பாய்?" என்று கேட்டேன். குனிந்து பார்த்தார். அது எப்போது கழன்றது என்றே அவருக்குத் தெரியவில்லை. படியில் பாதி தூரத்தில் கிடந்தது.

என் பிள்ளை பிறந்து ஒரு மாசம் இருக்கும். குளிப்பாட்ட வெந்நீர் விளாவி வைத்துவிட்டு, வேறு எதற்கோ வந்த பாயை, "இதையும் ஒரு தொடு தொட்டுப் பாருங்க" என்றேன். விரலை விட்டார். "இதமா கீதுமா, ஊத்து," என்றார். சொம்பை எடுக்கும்போது என் புறங்கையில் தண்ணீர் பட்டது. சுரீரென்றது. கையை உதறிக்கொண்டு, "உங்க இதத்துக்கு என் புள்ள வெந்துடுவான்" என்று கேலி பேசினேன். அவரும் சிரித்தார். ஆனால் படி இறங்கும்போது அந்த விரலைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே போனார். அடுத்த நாள் அவர் விரல் நுனியில் ஒரு கொப்புளம் இருந்தது. வெந்நீரில் வந்ததா, பட்டறையில் வந்ததா தெரியாது. பாயம்மா அதில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தபோது பாய் சுவாரஸ்யமாகக் கேட்டார்: "இது எப்போ பட்டுச்சு?"

இதற்கெல்லாம் மேலாக அந்தத் தகடுகள் இருந்தன. ஒரு மத்தியானம் அவற்றை எடுத்து வரிசையாக மேஜைமேல் வைத்துக் காட்டினார். பழைய பெட்டிகளில் இருந்தவை உள்ளங்கை அகலம், முதுகில் சீப்புப் பல்போல வரி வரியாக. அடுத்து வந்தவை அதில் பாதி. பிறகு வந்தவை தீப்பெட்டி அளவு. கடைசியாக இப்போது போடுவது என்று ஒன்றை உள்ளங்கையில் வைத்து நீட்டினார், பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

"அந்தக் காலத்துல தெரியாம இம்மாம் பெருசு போட்டுக்கினு இருந்தேன்," என்றார். "இப்ப கை தேறிடுச்சு. சர்க்யூட்டு சுத்தமா வருது. இத்தினியூண்டு தகடு, பாசஞ்சர் பெசன்ட் நகர் வரிக்கும் தூங்கிக்கினே போறான்."

அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. தொழிலில் நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டே போவதாக அவர் நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பாயம்மா மூலையில் திருப்புளியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

சித்திரை பிறந்த கையோடு பாயம்மா ஆம்பூருக்குப் போனார். மகளுக்குப் பிரசவம். போவதற்கு முன்னால் பாயிடம், "நா வர்ற வரிக்கும் புதுசா எதுவும் செய்யாதீங்க. சும்மா ரெஸ்டு எடுங்க," என்று திரும்பத் திரும்பச் சொன்னதை நானே கேட்டேன். பாய் பூனைக்குட்டிபோலத் தலையாட்டினார்.

எனக்கு அப்போது உயிர் போகிற வேலை. தி.நகர் கடை ஒன்றுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், கல்யாண சீசன். என் பிள்ளையோ தூளி நின்றால் அடுத்த நொடி அழுகிறவன். ஒரு கையில் துணி, ஒரு கையில் தூளிக் கயிறு என்று எத்தனை நாள் ஓட்டுவது? வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர், பொழுது சாய்ந்து வந்து "இன்னும் முடியலையா?" என்று கேட்பதோடு அவர் உதவி முடிந்துவிடும். பிள்ளை அழுகிற சத்தம் கீழே பட்டறைவரைக்கும் கேட்டிருக்கிறது. பாயம்மா ஊருக்குப் போன நான்காம் நாள் பாய் தானாகவே மேலே வந்தார். கையில் புதுப்பேட்டையில் வாங்கிய பழைய கார் வைப்பர் மோட்டார்.

"என் பேரனாட்டம் இவன்," என்றார். "நேத்து ஆம்பூர்ல பொறந்துக்கீறானே, அவனுக்கு நா ஒண்ணும் செய்யல, இங்க உக்காந்துக்கினு கீறேன். இவனுக்காவது செய்றேன்."

சுவரில் மோட்டாரை மாட்டி, ஒரு கம்பியை வளைத்துத் தூளியோடு இணைத்தார். கரண்ட் போனாலும் பிள்ளை விழிக்கக்கூடாது என்று தனியாக ஒரு பேட்டரி வைத்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதில் ஒரு குமிழ். குமிழை முழுக்க இடது பக்கம் திருப்பினால் டிக் என்று அணைந்துவிடும். வேலை செய்துகொண்டே எனக்கு விளக்கமும் நடந்தது.

"கதவு முழுசா தொறந்திருந்தா சூடு இல்ல. முழுசா மூடியிருந்தாலும் சூடு இல்ல. பாதில நின்னாதான் அது எரியும். அதுனாலதான் பாதில நிக்க வுடாம, ஒரு செகண்டுல ஆயிரம் வாட்டி தொறந்து மூட வெக்கிறது. வேகம் கம்மி வேணும்னா மூடியிருக்கற நேரத்த ஜாஸ்தி பண்ணு, அவ்ளோதான்."

"அப்போ சூடே வராதா?"

"வரும். ஒவ்வொரு வாட்டியும் பாதியத் தாண்டித்தானே போவணும்? தாண்டறப்ப துளி துளியா ஒட்டிக்கும். அதுக்குத்தான் தகடு."

நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதான அந்தத் தகட்டைத்தான் வைத்தார். ஓடவிட்டு, விரலை வைத்து, பெசன்ட் நகர் வரைக்கும் போனார். பாயம்மா இல்லாததால் மூடியையும் அவரே போட்டுத் திருகினார்.

தொட்டில் அருமையாக ஆடியது. பிள்ளை தூங்கினான். நான் மளமளவென்று தைத்துத் தள்ளினேன். டப்பா மட்டும் கதகதப்பாக இருக்கும். இரண்டு நாள் கழித்துக் கையை வைத்தால் கதகதப்பைத் தாண்டிவிட்டது, உள்ளங்கையை வைத்திருக்க முடியவில்லை. கீழே போய்ச் சொன்னேன். உடனே வந்தார், மூடியைக் கழற்றினார், விரலை வைத்தார். மணிக்கூண்டில் தொடங்கிக் கடற்கரையில் முடித்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"எறங்கவே இல்ல பாரு. புது டப்பா, வெயில் காலம், மேல லேசா சுடத்தான் சுடும். உள்ள ஜில்லுனு கீது."

என் உள்ளங்கை சுடுகிறது என்றது. அவர் விரல் இல்லை என்றது. அந்தக் கட்டடத்தில் யாராக இருந்தாலும் அவர் விரலைத்தான் நம்பியிருப்பார்கள், என் வீட்டுக்காரர் உட்பட. மின்விசிறி தலைக்குமேல் ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பத் தைக்க உட்கார்ந்தேன்.

மே மாதத்து மத்தியானம் ஒன்றில் பாயம்மா ஊரிலிருந்து திரும்பினார். பையை வீட்டில் வைத்ததும் வைக்காததுமாக மக்கன் பேடாப் பொட்டலத்தோடு மேலே வந்தார். பேரன் பிறந்த சந்தோஷம் முகத்தில் இருந்தது. உள்ளே நுழைந்து தொட்டிலைப் பார்த்ததும் அது அப்படியே வடிந்துவிட்டது.

"இது எப்போ வந்துச்சு?"

"நீங்க ஊருக்குப் போன நாலாம் நாளு. பாயே ஆசையா செஞ்சு குடுத்தாரு."

"மூடிய யாரு போட்டது?"

"அவருதான்."

பொட்டலத்தைத் தரையில் வைத்தார். "புள்ளய தூக்கு."

"ஐயோ, இப்பதான் பாயம்மா தூங்கினான். ஒரு மணி நேரம் கத்தித் தீத்துட்டு..."

"தூக்கும்மா."

நான் எழுந்திருப்பதற்குள் அவரே ஆடுகிற தூளிக்குள் கையை விட்டுப் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் விழிக்காததால் வாயை அடக்கிக்கொண்டேன். எப்படியும் திரும்பப் போடத்தானே போகிறோம் என்று தொட்டிலை நிறுத்தவும் இல்லை. வெற்றுத் தூளி அவனுடைய கடுகுத் தலையணையைச் சுமந்துகொண்டு ஆடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. மின்விசிறி மெல்லச் சுற்றி நின்றது, டப்பாமேல் பட்டுக்கொண்டிருந்த காற்றும் நின்றது. தொட்டில் பேட்டரியில் தொடர்ந்து ஆடியது.

பாயம்மா கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

"அவருக்கு வெரல் செத்துப் போயி ரெண்டு வருசம் ஆவுது. சுகரு. காலும்தான். ஊசிய வெச்சுக் குத்தினாக்கூடத் தெரியாது."

எனக்கு முதலில் புரியவில்லை. "அவருக்கே தெரியாதா?"

"சூடு இல்லன்னு நெனச்சிக்கினு கீறாரு. வேல நல்லா வருதுன்னு. எப்பிடி சொல்றது? அந்த வெரல வெச்சிக்கினுதானே நாலு பேரு மத்தியில நடமாடறாரு?" பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். "அவரு தொழப் போனதும் அந்தச் சின்னத் தகட்ட கழட்டிட்டு, பழைய பெருச நா போட்டு மூடிடுவேன். எல்லாப் பெட்டியும் அப்பிடித்தான் போச்சு. என் கை படாம போனது இது ஒண்ணுதான்."

இதைக் கேட்டபோது எனக்கு வந்தது பயமா, கோபமா, என்னவென்று சொல்ல? இந்த மூன்று வாரமும் என் பிள்ளை எதன்மேல் தூங்கினான் என்பது மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. நிறுத்தலாம் என்று எழுந்தேன்.

நான் இரண்டு எட்டு வைப்பதற்குள் மோட்டாரின் சத்தம் மாறியது. தூளி ஒரு வெட்டு வெட்டியது. பிறகு பைத்தியம் பிடித்ததுபோல் இழுத்து இழுத்து அடிக்க ஆரம்பித்தது. துணி சுவரில் மோதிச் சுண்ணாம்பு உதிர்ந்தது. பாய்ந்துபோய்க் குமிழை இடது பக்கம் திருப்பினேன். டிக் என்றது. தொட்டில் கேட்கவில்லை. திரும்பவும் திருப்பினேன், டிக், டிக், அது பாட்டுக்கு ஆடியது. கடுகுத் தலையணை தூளியிலிருந்து எகிறி எதிர்ச் சுவரில் அடித்துக் கிழிந்தது. கடுகு அறை முழுக்கச் சிதறி ஓடியது. பாயம்மா என் பிள்ளையின் தலையைக் கையால் மூடிக்கொண்டு கதவோரமாக ஒட்டிக்கொண்டார்.

சத்தம் கேட்டுப் பாய் ஓடிவந்தார். வெறுங்காலால் கடுகை மிதித்துக்கொண்டே போய், பேட்டரிக் கம்பியை ஒரே பிடுங்காகப் பிடுங்கினார். தூளி இரண்டு தடவை தளர்ந்து ஆடி நின்றது. பாய் முதலில் பிள்ளையைத்தான் தேடினார். மனைவியின் தோளில் அவனைப் பார்த்ததும் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்.

"எங்கயோ லூசு காண்டாக்ட்," என்றார். "இரு, பாத்துடறேன்."

திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றினார். உள்ளே பிளாஸ்டிக் இளகி ஒரு பக்கம் தொய்ந்திருந்தது. டிரான்சிஸ்டரைச் சுற்றிப் பலகை கறுத்திருந்தது. அதன்மேல் விரலை வைத்து அழுத்தினார்.

"மணிக்கூண்டு," என்றார்.

"எடுங்க," என்றார் பாயம்மா.

"இரும்மா, இன்னும் லஸ்ஸே வரல." நிதானமாக, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் ஏற இறங்க நேரம் விட்டு, சொல்லிக்கொண்டே போனார். பாயம்மா என் பிள்ளையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கடைசி நிறுத்தத்தையும் சொல்லி முடித்த பிறகும் விரல் அங்கேயே இருந்தது.

"சூடே இல்லமா. தகடுல குத்தம் இல்ல. வேற எங்கயோதான் கோளாறு." அதைச் சொல்லும்போதே மூக்கை உறிஞ்சினார். இன்னொரு தடவை உறிஞ்சிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். "இன்னாமோ கருகற வாசன வருது. அடுப்புல எதனா வெச்சிட்டு மறந்துட்டியா? போயி பாரு."

பாயம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

நான் சமையலறைக்குப் போனேன். அடுப்பு காலையிலேயே அணைத்தது, மேலே ஒரு பாத்திரம்கூட இல்லை. அதன் முன்னால் நின்றுகொண்டு, அவருக்குக் கேட்கும்படி, "ஆமா பாய், பால் தீஞ்சுபோச்சு" என்றேன்.